முப்பது இடங்கள் என்னும் வேலி

முப்படைகளின் மருத்துவப் பணிகளுக்கான தலைமை இயக்குநராக 2024 அக்டோபர் 1-ஆம் தேதி சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆர்த்தி சரின் பொறுப்பேற்றார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, லெப்டினன்ட் ஜெனரல் சாதனா சக்சேனா நாயர், தரைப்படை மருத்துவப் பணிகளின் முதல் பெண் தலைமை இயக்குநரானார். இருவருமே புணேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள்.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால், அதே கல்லூரியின் 2024-ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கையைப் பார்த்தால் மகிழ்ச்சி குறைந்துவிடுகிறது. இந்திய மாணவர்களுக்கான 145 எம்.பி.பி.எஸ். இடங்களில் 115 ஆண்களுக்கு. பெண்களுக்கு 30 மட்டுமே. தலைமைப் பொறுப்பைப் பெண்ணிடம் ஒப்படைத்த அமைப்பு, நுழைவாயிலில் மட்டும் ஐந்துக்கு ஒன்று என்று அளந்து கொடுப்பது என்ன நியாயம்?

இந்தக் கேள்விக்கான விடை, தமிழ் பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண்மணியின் வாழ்விலேயே இருக்கிறது. திருப்பதியில் 1944-இல் பிறந்து, தலைநகர் தில்லியில் வளர்ந்தவர் பத்மா பந்தோபாத்யாய். காச நோயால் படுக்கையில் கிடந்த தாயாருக்குச் சிறு வயதிலேயே பணிவிடை செய்தவர். அண்டை வீட்டில் வசித்த இதய நோய் நிபுணர் டாக்டர் எஸ்.ஐ. பத்மாவதியைக் கண்டு, தாமும் மருத்துவராக வேண்டும் என்று உறுதி பூண்டார். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் கலைப் பிரிவில் படித்தவர், கல்லூரியில் அறிவியலுக்கு மாறினார். 1963-இல் புணே ராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1968-இல் விமானப் படை அதிகாரியானார்.

1971 போரின்போது ஆற்றிய பணிக்காக அவரும், விமானப் படை அதிகாரியான அவருடைய கணவரும் ஒரே விழாவில் விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றனர். விமான மருத்துவத்தில் சிறப்புத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் பயிற்சியை நிறைவு செய்த முதல் பெண் அதிகாரியும் அவரே. 2002-இல் ஏர் வைஸ் மார்ஷல், 2004-இல் ஏர் மார்ஷல் என இந்திய விமானப் படையில் வேறு எந்தப் பெண்ணும் அதுவரை எட்டாத உயரங்களை எட்டினார். 2020-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

போர்ச் சூழலுக்கு ஆண் மருத்துவர்களே கூடுதலாகத் தேவை என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்துக்கு 1971-லேயே விடை கிடைத்துவிட்டது. மேலும், ராணுவத்தின் பிற பிரிவுகளில் பெண்கள் நிரந்தரப் பணிக்காக 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை போராட நேர்ந்தது. ராணுவ மருத்துவப் பிரிவோ 1958-லேயே பெண்களுக்கு நிரந்தரப் பணி வழங்கியது. அனைவருக்கும் வழிகாட்டிய பிரிவு, இன்று பின்தங்கி நிற்பது முறையல்ல.

இது பதவிகளைப் பற்றிய பிரச்சினை மட்டுமல்ல. கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து சென்று பாதாளத்தில் இறங்கித் தங்கம் எடுத்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர் அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், ஆயிரக்கணக்கானோர் பிழைப்புக்காக அன்றாடம் ரயிலேறி பெங்களூர் சென்று திரும்புகின்றனர். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்ட முதியவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு, அங்கும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீதே விழுகிறது. பத்மாவின் இளமைக்காலம் அவர்களுக்கு அந்நியமானதல்ல. அவர் விமான மருத்துவம் பயின்ற நிறுவனமும் அந்த ரயில் சென்று சேரும் பெங்களூரில்தான் இருக்கிறது.

தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தை நினைத்தும் பார்க்க முடியாத இத்தகைய குடும்பங்களுக்கு, புணே கல்லூரி அரிய வாய்ப்பு. அங்கே கல்விக் கட்டணம் இல்லை. படித்து முடித்ததும் ராணுவ மருத்துவப் பணி காத்திருக்கிறது. ஆனால், இடங்கள் குறைவாக இருப்பதால், நீட் தேர்வில் மாணவனைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றால்தான் மாணவிக்கு நேர்காணல் அழைப்பு வருகிறது. கூடுதல் தகுதி இருந்தும் வெளியே நிறுத்தப்படுவதற்குப் பெண்ணாகப் பிறந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை.

பெண்களுக்குச் சலுகை காட்டுமாறு யாரும் கேட்கவில்லை. தகுதிப் பட்டியல் ஒன்றே இருக்கட்டும். அதில் முன்னிற்பவர் ஆணோ, பெண்ணோ, இடம் பெறட்டும் என்பதே கோரிக்கை. 115, 30 என்ற பாகுபாட்டைப் பாதுகாப்பு அமைச்சகம் அடியோடு கைவிட வேண்டும். தங்கவயல் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவியருக்கு இக்கல்லூரி பற்றி எடுத்துரைத்து, தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பைக் கர்நாடக, தமிழக அரசுகள் ஏற்க வேண்டும்.

முதல் பெண், முதல் பெண் என்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் செய்தி வெளியிட்டுக் கொண்டிருப்பதில் பெருமை இல்லை. அது செய்தியே அல்ல என்ற நிலை வரவேண்டுமானால், உச்சியில் மட்டுமல்ல, வாசலிலும் கதவு முழுமையாகத் திறக்கப்பட வேண்டும்.