மாமியாரை அடித்ததையும் எழுதிய ஏடு

கலசப்பாக்கத்தில் ஒரு சிறுவனிடம் பாட்டனார் பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவான். பல வீடுகளில் பேரனுக்கும் அந்தப் பெயர்தான்.

அந்தப் பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயர் என்ன? அவர் பிறந்த ஊர் எது?

செய்யாற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களிலும் இதற்குப் பதில் கிடைப்பது கடினம்.

ஆனால், அமெரிக்காவில் 1645ல் ஒரு பாட்டி செய்த சண்டை இன்றைக்கும் தெரிகிறது. அவர் பெயர் ஆன். சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் பாட்டி!

இங்கிலாந்திலிருந்து போய் அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர் "பியூரிட்டன்"கள். கண்டிப்பானவர்கள். அவர்கள் சபையில், பிறந்ததனால் மட்டும் ஒருவர் முழு அங்கத்தினர் ஆகிவிட முடியாது. சபையார் முன்னால் தம் விசுவாசத்தை எடுத்துச் சொல்லவேண்டும். அவர்கள் ஏற்றால்தான் உண்டு. தவறு செய்தால் விசாரணை. அதையும் எழுதி வைத்தார்கள்.

ஆனின் இரண்டாவது கணவர் நியூ ஹேவன் கவர்னர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்பது ஆனின் கருத்து. வழிபாட்டின் நடுவே வெளியேறினார். கவர்னர் மனைவி என்று சபை தயங்கவில்லை, விசாரித்தது. மாமியாரை முகத்தில் அறைந்தார் என்பதும் ஒரு குற்றச்சாட்டு! (மாமியார்-மருமகள் சண்டை எந்தச் சீமையையும் விடவில்லை.) 1645ல் ஆன் சபையிலிருந்து நீக்கப்பட்டார்.

பேரன் எலிஹு 1649ல் பாஸ்டனில் பிறந்தார். 1672ல் கும்பினி வேலைக்காகச் சென்னை வந்தார். 1680 அக்டோபர் 28ந் தேதி கோட்டையில் புனித மேரி ஆலயம் திறக்கப்பட்டது. ஒரே வாரத்தில், நவம்பர் 4ந் தேதி, அங்கே நடந்த முதல் கல்யாணம் அவருடையதுதான். மணப்பெண் கேதரின், ஒரு விதவை. பதிவேடு சொல்கிறது.

1687 முதல் 1692 வரை அவர் கவர்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஏழைகளின் சந்ததியார் எந்த ஏட்டைப் புரட்டுவார்கள்?

பெருமையை மட்டும் எழுதினால் அது கல்யாணப் பத்திரிகை. குடும்ப வரலாறு ஆகாது. கடனில் நிலம் போனது, பாட்டி மறுமணம் செய்தது, அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனது எல்லாம் எழுதவேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டுக்கு வந்த பெண்களின் பிறந்த ஊரை முதலில் எழுதவேண்டும். சீக்கிரம் மறந்துபோவது அதுதான்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். கப்பல் பதிவேட்டில் அவர்களுடைய தகப்பனார் பெயர், கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை இருக்கிறது. அந்தக் காகிதத்தோடு அவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர் தேடி வருகிறார்கள். "இந்தப் பெயர் எங்கள் நோட்டிலும் இருக்கிறது" என்று சொல்ல, இங்கே ஒரு வீடு வேண்டும்.