நடந்து போகும் கடல்



கடற்றொழில் என்றதும் படகும் வலையும், அவற்றோடு போகும் ஆண்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் கடற்கரைக் கிராமங்களில் பெண்களுக்கும் ஒரு கடல் உண்டு. அதை இரணைதீவுப் பெண்களிடம் பார்க்கலாம்.

இரணைதீவு கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. மேற்குக் கரைக்கு அப்பால், பாக்குக் கடலில் இருக்கின்றது. இரணை என்றால் இரட்டை. பெரியதீவு, சின்னத்தீவு என இரண்டு தீவுகள் அருகருகே இருப்பதால் இப்பெயர் வந்தது. இங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தினர்.

தீவைச் சுற்றியுள்ள கடல் ஆழம் குறைந்தது. கடல் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். படகு தேவையில்லை, எண்ணெய்க்குக் கடன்படவும் தேவையில்லை. பெண்கள் கடலட்டை, நண்டு, சங்கு என்று கையால் பொறுக்கி விற்றார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே தொழில். கணவன் இல்லாதவளும் யாரிடமும் கை நீட்டாமல் பிள்ளைகளை வளர்க்க அந்தக் கரை உதவியது.

1992இல் யுத்தம் அவர்களைத் தீவிலிருந்து பெயர்த்தது. முழங்காவில் பக்கம் வந்து, இரணைமாதா நகரில் குடியிருந்தார்கள். ஆண்கள் அங்கிருந்தும் படகெடுத்துத் தொழிலுக்குப் போனார்கள். பெண்கள் நடந்து போன கடலோ எட்டாத தூரத்தில் இருந்தது. சொந்த உழைப்பில் காசு கண்டவர்கள் கூலி வேலை தேட வேண்டியதாயிற்று. ஊர் போனபோது பெண்ணின் தொழிலும் போய்விட்டது.

2009இல் யுத்தம் முடிந்த பிறகும் தீவில் கடற்படை இருந்தது. மக்கள் போய்க் குடியிருக்க முடியவில்லை. 2017 மே மாதம் இரணைமாதா நகரில் தொடர் போராட்டம் தொடங்கியது. முன்னால் இருந்தவர்கள் பெண்களே. ஒரு வருடத்தை நெருங்கியும் முடிவு வராதபோது, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறித் தாங்களே தீவில் போய் இறங்கினார்கள். மாதா கோயிலில் செபித்து, அங்கேயே தங்கினார்கள். அடுத்த மாதம் மீள்குடியேற்றத்துக்கு அரசாங்கம் இணங்கியது.

2021 மார்ச்சில், கொரோனாவால் இறந்தவர்களைப் புதைக்க இத்தீவைத் தெரிவு செய்ததாக அறிவித்தார்கள். மக்கள் மீண்டும் எதிர்த்தார்கள். பின்னர் அடக்கம் ஓட்டமாவடியில் நடைபெற்றது.

சகோதரிகளே, கரையில் நின்று பெண் செய்யும் தொழில் பதிவேடுகளில் ஏறுவது குறைவு. ஆணின் படகுக்கு இலக்கம் உண்டு; பெண்ணின் கைக்கு இலக்கம் இல்லை. நட்டத்தைக் கணக்கெடுக்க வருபவர்கள் படகையும் வலையையும் எழுதுவார்கள். பெண்ணின் தொழிலை நாம்தான் சொல்லி எழுதிக்க வேண்டும்.

ஆகவே இன்று ஒரு கொப்பியை எடுங்கள். நீங்களும் உங்கள் அம்மாவும் எந்தக் கரையில், எந்த மாதத்தில், என்ன பொறுக்கினீர்கள், என்ன காய வைத்தீர்கள், எங்கே விற்றீர்கள் என்று எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். மாதர் சங்கத்தில் கூடும்போது அதை வாசித்துக் காட்டுங்கள். உரிமை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போகும் நாளில் அந்தக் கொப்பி கையில் இருக்கட்டும்.