பெட்டிக்கடை கேட்ட சூசை

சென்னையில் தெரு ஓரத்தில் செருப்பு தைத்துப் பிழைத்தவர் சூசை. ஆதிதிராவிடர் வகுப்பில் பிறந்து, கிறிஸ்தவர் ஆனவர்.

தெருவில் உட்கார்ந்து வேலை செய்யும் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம் வந்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. காரணம் என்ன? அவர் இந்து அல்ல!

அதே தொழில்தான், அதே தெருதான். ஆனாலும் சூசை தன் மதத்தை மறைக்கவில்லை. கிறிஸ்தவர் என்று சொல்லியே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1985-ம் ஆண்டு மனு தள்ளுபடி ஆயிற்று. மதம் மாறிய பிறகும் ஜாதிக் கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கோர்ட்டு கூறிவிட்டது.

மதத்துக்காக உயிரை விட்டவர் என்றால், 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையைச் சொல்வார்கள். 2022-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். சூசைக்கு எதிரே துப்பாக்கி இல்லை. சட்டம்தான் நின்றது.

என்ன சட்டம்?

1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுப்படி, தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பொதுவாக இந்துக்களுக்கே உரியது. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் புத்த மதத்தினரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

தர்மபுரி மாவட்டம் அதியமான்கோட்டையில் ஓர் ஆதிதிராவிடர் குடும்பம் கிறிஸ்தவ மதத்துக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுவார்கள். தாழ்த்தப்பட்டோருக்கான 18 சதவீத ஒதுக்கீடு போய்விடும். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். பழைய ஜாதிப் பேச்சு மட்டும் தெருவை விட்டுப் போகுமா?

அதனால்தான் சிலர் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் ஜெபிக்கிறார்கள். திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் "இந்து" என்று எழுதுகிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று ஏசுவது எளிது. பிள்ளையின் படிப்பு கெட்டுவிடுமே என்று கலங்கும் தாயை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் அந்த வழியிலும் ஆபத்து உண்டு. ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர், வேலைக்காக இந்து தாழ்த்தப்பட்டோர் என்று சர்டிபிகேட் கேட்டார். கொடுக்க முடியாது என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவதாகும் என்றது.

பட்டியலில் கிறிஸ்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு கமிஷன் அமைத்திருந்தது. மதம் மாறியவர்களின் நிலைமை எவ்வாறு மாறியிருக்கிறது என்று ஆராய்வது அதன் வேலை. சூசையிடம் இல்லை என்று கோர்ட்டு சொன்னதும் இந்த ஆதாரம்தான்.