வேலைத்தலத்துப் பக்கம்: விரல் நுனி போனவரின் இசை



சென்ற இதழில் சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது என்று எழுதினோம். இம்முறை கொஞ்சம் பாட்டு.

எம்மோடு இரவு வேலை செய்யும் தம்பி ஒருவருக்குப் போன மாதம் இயந்திரத்தில் விரல் நசிந்து விட்டது. ஊரில் மிருதங்கம் பழகியவர். "இனி வாசிப்பு முடிஞ்சுது அண்ணை" என்று ஒரு மூலையில் குந்தியிருந்தார். பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் வெள்ளைக்காரக் கிழவர்தான் அவருக்கு ரோனி ஐயோமியின் கதையைச் சொன்னார்.

ஐயோமி பேர்மிங்காம் நகரத்துப் பெடியன். 1965இல், 17 வயதில், தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வேலையை விடுகிற கடைசி நாளன்று வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை இயந்திரம் கொண்டு போனது. இடக்கைக்காரர் ஆகையால் கிற்றார் தந்திகளை அழுத்துகிற கை அதுதான். அவருடைய மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். அதில் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் தீக்காயத்தால் இரண்டு விரல்கள் சரியாக இயங்காதவர். அதைக் கேட்ட ஐயோமி, பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி, மறுபடி வாசிக்கத் தொடங்கினார். 1968இல் அயல் பெடியள் மூவரோடு சேர்ந்து அமைத்த குழுதான் 'பிளாக் சபத்'.

நாமும் நூலகத்தில் இசைத்தட்டுகளை எடுத்து வந்து வரிசையாகக் கேட்டோம். மனைவி இரண்டு தரம் கதவைச் சாத்தினார்.

1970இல் வந்த முதல் தட்டை ஏறக்குறைய ஒரே நாளில் பதிந்தார்களாம். அதே ஆண்டில் வந்த 'பரனோய்ட்' பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. 1971இல் விரல் நோகாமலிருக்கத் தந்திகளைத் தளர்த்தினார். அந்தத் தாழ்ந்த, கனத்த ஓசையைப் பின்வந்த எத்தனையோ குழுக்கள் எடுத்துக் கொண்டன. எமக்கு 1975 வரையான ஆறு தட்டுகளும் பிடித்தன. அதன்பின் பணமும் நேரமும் கூடின, பாட்டு மெலிந்தது. 1979இல் பாடகர் ஓஸி ஒஸ்போர்னை விலக்கினார்கள்.

அத்தோடு முடிந்தது என்று கிழவர் சொல்வார். நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம். ரொனி ஜேம்ஸ் டியோ பாடிய 1980ஆம் ஆண்டுத் தட்டில் புது மூச்சு இருக்கிறது. பிறகு பாடகர்கள் மாறி மாறி வந்தார்கள். பழையவர்களில் ஐயோமி மட்டுமே மிஞ்சிய ஆண்டுகளும் உண்டு. 1995இல் வந்த 'போர்பிடன்' ஐயோமிக்கே திருப்தியில்லை. ஆனால் அவர் அதை அப்படியே விடவில்லை, 2024இல் அந்த ஒலிப்பதிவைத் திரும்பவும் கலந்து வெளியிட்டார்.

2012இல் அவருக்குப் புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவே பதிந்த '13', 2013இல் வெளிவந்து பிரித்தானியாவில் மறுபடி முதலிடம் பெற்றது. இடையில் 43 ஆண்டுகள்! அது பழையதின் எதிரொலி என்பது எம் எண்ணம். என்றாலும் நல்ல எதிரொலி. 2025 ஜூலை 5இல் முதல் நால்வரும் பேர்மிங்காமில் கடைசியாக ஒன்றாக மேடையேறினர். ஜூலை 22இல் ஓஸி காலமானார்.

எல்லாப் பத்தாண்டும் ஒரே தரமில்லை. ஆனால் எல்லாப் பத்தாண்டிலும் அந்தக் கை வேலை செய்தது.

தம்பி இப்போது மருத்துவரிடம் போய் வருகிறார். கட்டுப் போடாத விரல்களால் சாப்பாட்டு மேசையில் தட்டிப் பார்க்கிறார். தாளம் இன்னும் பிசகுகிறது. நாம் ஒன்றும் சொல்வதில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சொல்: காயம் சிறிதென்றாலும் விபத்துப் புத்தகத்தில் அன்றைக்கே பதிவியுங்கள். "வேலை போய்விடும்" என்று பயந்து ஒளிக்க வேண்டாம். தம்பி மூன்று நாள் ஒளித்தார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.