கறி உருண்டையா, மாவு உருண்டையா?



கோலா உருண்டையில் ரொட்டித்தூளையும் சோளமாவையும் அள்ளிப் போடச் சொல்லும் வீடியோக்களை இனி எனக்கு அனுப்பாதீர்கள். கடைக்காரர் மாவைக் கூட்டினால் லாபம் பார்ப்பார். வீட்டில் யாரை ஏமாற்ற?

கால் கிலோ கொத்துக்கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு போதும். ஏற்கெனவே வறுபட்ட கடலை, பச்சை வாடை வராது. அதற்கு மேல் போட்டால் கறியின் சாற்றையெல்லாம் மாவே குடித்துவிடும், கடித்தால் கல்தான். மெதுமெதுப்பு தருவது தேங்காயும் கசகசாவும். அதில்தான் கஞ்சத்தனம் பிடிக்கிறீர்கள்!

உருண்டை உடைகிறதா? கறியைக் கழுவி ஈரத்தோடு அரைத்திருப்பீர்கள். ஒட்டப் பிழிந்துவிட்டு அரைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூர், சவுதியில் இருக்கும் பிள்ளைகள் கசகசாவைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், அங்கே தடை. நாலு முந்திரி அரைத்துப் போடுங்கள்.