தலைவர் பலராய கதை

பெருங்காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். ஒப்பற்றவர் அறுவர் ஒரே கதையுட் புகுந்தால் அதனை யாப்பவன் என் செய்வான்? இவ்வினாவை இன்று எழுப்புவது காப்பியம் அன்று, ஹொலிவூட் திரைப்படம். 'சூப்பர் ஹீரோ' எனப்படும் அதிமானிட வீரர் பலரை ஓரணியாகத் திரட்டிக் காட்டும் படங்களை நம் மாணவர் பெரிதும் விரும்பிப் பார்க்கின்றனர். அவை சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோர் ஆசிரியருள்ளும் உளர். யான் அவ்வாறு கருதேன். பாத்திரங்களுக்கு உரிய இடத்தைப் பங்கிட்டுக் கொடுத்தல் கதைத்தொழிலில் அரியதொரு பகுதி. அதன் வெற்றியும் தோல்வியும் இப்படங்களில் ஒளிவு மறைவின்றித் தெரிகின்றன.

ஸ்ரான் லீ, ஜக் கேர்பி ஆகிய இருவரும் 1963ஆம் ஆண்டிலே படைத்த சித்திரக்கதை 'அவெஞ்சர்ஸ்'. அதனை ஜொஸ் வீடன் 2012இல் திரைப்படமாக்கினார். நீளம் 143 நிமிடம், அணியினர் அறுவர். அவருள் தோர் என்பான் இடியை ஏவும் தேவன். ஹல்க் சினந்தெழுந்தால் கட்டடங்கள் தகரும். ஹோக் ஐ என்பானிடம் இருப்பதோ ஒரு வில். பிளாக் விடோ என்னும் பெண்ணிடம் இருப்பவை கைத்துப்பாக்கியும் கூரிய மதியுமே. தேவன் நிற்கும் களத்திலே வில்லாளிக்கு என்ன வேலை? இதுவே இத்தகைய கதையின் முதல் இடர்.

நேரத்தை ஆறாகக் கூறுபோட்டால் ஆளுக்கு இருபத்துநான்கு நிமிடமும் தேறாது. அவ்வாறு பங்கிடுவது நீதி போலத் தோன்றும். ஆயினும் கதை உயிர் பெறாது. வீடன் பங்கிட்டது நேரத்தை அன்று, செயலை. சிறைப்பட்ட பகைவன் லோகியின் உள்ளக்கருத்தை வெளிக்கொணர்வது இடியும் அன்று, இரும்புக் கவசமும் அன்று. பிளாக் விடோவின் பேச்சு. நியூயோர்க் நகரப் போரிலே கப்டன் அமெரிக்கா ஒவ்வொருவருக்கும் ஒரு பணி வகுக்கிறான். வில்லாளி உயர்ந்த கூரைமேல் நின்று பகைவர் நடமாட்டத்தை அறிவிக்க வேண்டும். தோர் வான்வாயிலை மின்னலால் அடைக்க வேண்டும். முடிவில் அவ்வாயிலை மூடுபவள் பிளாக் விடோ. அணுகுண்டைச் சுமந்து அதனூடே செல்பவன் அயர்ன் மான். உணர்வற்று வீழும் அவனைத் தாங்குபவன் ஹல்க். இவருள் ஒருவரை நீக்கிப் பாருங்கள். கதை அவ்விடத்திலே இடிந்துவிடும். நீக்கியும் கதை நிற்குமாயின் அப்பாத்திரம் வெறும் அலங்காரம் என்று கொள்க.

அப்படத்திலும் குறை உண்டு. ஹோக் ஐ பெரும்பகுதி நேரம் லோகியின் மாயத்துக்கு அடிமையாய்த் திரிகிறான். தனக்கென ஓர் உள்ளம் உடையவன் என்பதை அவன் காட்டுதற்கு இடமே இல்லை. 2015இல் வந்த இரண்டாம் படத்திலே அவனுக்கு ஒரு பண்ணை வீடும் மனைவியும் மக்களும் கொடுத்து வீடன் அக்கடனைத் தீர்த்தார்.

தீராத கடனுக்கு எடுத்துக்காட்டு 2017இல் வெளிவந்த 'ஜஸ்டிஸ் லீக்'. ஸக் ஸ்னைடர் இயக்கி வந்த அப்படம், குடும்பத் துயரால் அவர் விலகிய பின் வீடனால் மாற்றி முடிக்கப்பெற்றது. இரண்டு மணி நேரத்துள் அடக்கும் பொருட்டு வெட்டப்பட்டவற்றுள் பெரியது சைபோர்க் என்னும் இளைஞனின் கதை. விபத்திலே தாயை இழந்து, பாதி உடல் இயந்திரமாகி, தன்னை உயிர்ப்பித்த தந்தையை மன்னிக்க மாட்டாமல் மறுகுபவன் அவன். அக்கதை போனதும் அவன் பொறிகளை இயக்கும் கருவியாகச் சுருங்கினான். மீண்டெழுந்த சூப்பர்மானோ பகைவனை எளிதில் அடக்கிவிட, ஏனையோர் பட்ட பாடெல்லாம் பொருளற்றுப் போயிற்று. ஸ்னைடரின் படம் 2021இல் முழுமையாக வெளிவந்தபோது சைபோர்க்கே அதன் இதயம் என்பதைக் கண்டோம்.

அப்படம் 242 நிமிடம் ஓடுவது. நீளம் இருந்தாற் சமநிலை தானே வரும் என்று சிலர் சொல்லக்கூடும். யான் உடன்படேன். 2018இல் வந்த 'இன்பினிற்றி வோர்' 149 நிமிடமே. அதில் இருபதின் மேற்பட்ட வீரர் உளர். எழுத்தாளர் மார்க்கஸும் மக்ஃபீலியும் அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தனர். முன் அறியாதவரை ஒன்றுசேர்த்து உரசவிட்டனர். தானோஸ் என்னும் ஒரு பகைவனின் நாட்டத்தை எல்லாக் குழுக்களையும் கோக்கும் நூலாக்கினர். பல கிளைக் கதைக்கு ஒரு நாண் போதும்.

ஆயினும் செயலைச் சரியாகப் பங்கிட்ட பின்னும் ஒன்று எஞ்சுகிறது. 2019இன் 'எண்ட்கேம்' படத்திலே ஆன்மக் கல்லைப் பெறுதற்காகப் பிளாக் விடோ தன் உயிரைக் கொடுக்கிறாள். அயர்ன் மானும் உயிர் கொடுக்கிறான். அவனுக்கு அனைவரும் கூடி நிற்கும் இறுதிச்சடங்கு. அவளுக்கு ஏரிக்கரையில் ஐவர் சிந்தும் சிறிது நேரக் கண்ணீர். செயலிலே குறையில்லை, மதிப்பிலே குறை. துயரையும் பங்கிட அறிந்தவனே முழுமையான கதைஞன்.

இக்கலையில் யான் முதன்மையாகப் போற்றுவது யப்பானிய இயக்குநர் அகிரா குரொசாவா 1954இல் அளித்த 'ஏழு சாமுராய்கள்'. அதிமானிடர் எவரும் இல்லாத அப்படத்திலே ஒரு கொடி வருகிறது. அறுவருக்கு ஆறு வட்டங்கள். உழவர் குடியிற் பிறந்து வீரனாக வேடமிட்ட கிக்குச்சியோவுக்கு ஒரு முக்கோணம். அவற்றின் கீழே உழவரைக் குறிக்கும் ஓர் எழுத்து. வடிவில் ஒவ்வாதவனுக்கும் அதில் இடம் உண்டு. காக்கப்படும் மக்களுக்கும் உண்டு. அணிக்கதை எழுதுவோர் கற்க வேண்டிய இலக்கணம் அந்த ஒரு துணியிலே அடங்கியிருக்கிறது.

ஆண்டுதோறும் பாடசாலை நாடகத்துக்கு வேடம் பங்கிடும் ஆசிரியர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. அரசன் வேடம் ஒருவனுக்கே கிட்டும். எல்லாரையும் அரசராக்குதல் இயலாது, வேண்டியதும் இல்லை. ஆனால் ஈட்டி பிடித்து வாயிலில் நிற்கும் சிறுவனுக்கும் அவன் மட்டுமே செய்யத்தக்க ஒரு செயலை நாடகத்திலே வைக்கலாம். அது வைக்கப்படாவிடின், தான் இல்லாமலும் கதை நடக்கும் என்பதையே அவன் மேடையிலிருந்து கற்று இறங்குவான்.