அட்மின்மாருக்கும் ஊர் மக்களுக்கும் ஒரு வேண்டுகோள்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் ஹொட்டலில் சாப்பிட வந்தவரின் இறைச்சிக் கறியில் மாக்கட்டி ஒன்று கிடந்தது. அவர் சிங்களத்தில் சத்தம் போட்டார். காசாளருக்குச் சிங்களம் அரைகுறை. மாவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஓம், போட்டோம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவைத்தார். வந்தவர் கேட்டதோ, ஆளை மலடாக்கும் மாத்திரை போட்டீர்களா என்று. யாரோ ஒருவரின் போன் அதைப் பதிவுசெய்தது. ஹொட்டல் நொறுங்கியது, கூட்டம் பள்ளிவாசலுக்கும் போனது. அம்பாறையில் முஸ்லிம் மருந்துக்கடைக்காரரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸார் பிடித்ததாக ஒரு பொய் ஏற்கெனவே பேஸ்புக்கில் சுற்றிக்கொண்டிருந்ததால், அந்த அரைகுறைப் பதிலே வாக்குமூலம் ஆகிவிட்டது. அது வெறும் மா என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னார். அப்படி ஒரு மாத்திரையே கிடையாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். வீடியோ போன தூரத்துக்கு அந்த விளக்கங்கள் போகவில்லை. அடுத்த வாரம், முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில், கண்டிப் பக்கத்துத் திகன எரிந்தது.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையான கரையோர ஊர்களில் ஊர்ச் செய்திக் குழுமங்களை நடத்தும் சிலரும், ஆசிரியர்கள், மௌலவிமார், வியாபாரிகள் சிலரும் கூடி இந்த வேண்டுகோளைப் பொதுமக்கள் முன் வைக்கிறார்கள். இது பேஸ்புக் கம்பனிக்கு எழுதிய மனு அல்ல. அரசாங்கத்துக்கு எழுதியதும் அல்ல. இரண்டு கதவுகளையும் தட்டிப் பார்த்தாயிற்று.

கம்பனியின் கதை இது. முஸ்லிம்களைக் கைக்குழந்தையும் விடாமல் கொல்லச் சொன்ன சிங்களப் பதிவு ஒன்றைப் பற்றி 2018இல் முறைப்பாடு போனபோது, அது தங்கள் விதிகளை மீறவில்லை என்று பேஸ்புக் பதில் அனுப்பியது. அங்கே அப்போது சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் போதுமான அளவில் இருக்கவில்லை. 2020 மே மாதம் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. திகனயில் எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு ஒரு இளைஞர் இறந்து இரண்டு வருடம் கழித்து. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரானின் வெறிப் பிரசங்கங்கள் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள். வீடியோக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் அவருடைய குடும்பத்தார் ஒளிந்திருந்த வீட்டில் குண்டுகள் வெடித்து, பிள்ளைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். அந்த வீட்டாட்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள்.

அரசாங்கத்தின் கைவசம் இருந்தவை இரண்டு: ஒன்று பூட்டு, மற்றது சட்டம். 2018 மார்ச்சிலும், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும், மக்கள் வீதிக்கு இறங்கிய 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் பூட்டப்பட்டன. வீபிஎன் தெரிந்தவர்கள் பூட்டைத் தாண்டிப் போனார்கள். வெளிநாட்டுப் பிள்ளையோடு வட்ஸ்அப்பில் பேசும் உம்மாமார் தவித்தார்கள்.

சட்டத்தின் கதை இன்னும் கசப்பு. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கிய 2007ஆம் ஆண்டுச் சட்டம், வெறுப்புக்கு எதிராகப் பேனாவாலும் கீபோர்டாலும் போராட வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதிய ரம்ஸி ராஸிக்கின் மேல் 2020 ஏப்ரலில் பாய்ந்தது. ‘ஜிஹாத்’ என்று எழுதியதுதான் குற்றம். ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆயிற்று. தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அகப்பட்ட அஹ்னாப் ஜஸீம் 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை தடுப்பில் கிடந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்க, 2024 ஜனவரி 24இல் 108க்கு 62 என்ற வாக்குகளில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. எது பொய் என்று தீர்மானிக்க ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு. சில குற்றங்களுக்கு ஐந்து வருடம் வரை சிறை. ஏச்சுத் தாங்காமல் ‘இன்னும் கடுமையான சட்டம் வேண்டும்’ என்று கேட்கும் ஊர்ப் பெரியவர்கள், அந்தச் சட்டம் முதலில் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டும் என்று ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

இந்த ஊர்களுக்குத் திறந்த வாய் எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் மறப்பதற்கில்லை. கொரோனா மையித்துகளைக் கட்டாயமாக எரித்த காலத்தில், 2020 டிசம்பரில், பொரளை மயானத்தின் வேலியில் கபன் துணிக் கீற்றுகள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் எல்லா இனத்தாரும் இருந்தார்கள். அந்தப் படங்களை உலகம் பூராவும் கொண்டுபோனது தனி ஆட்களின் போன்தான். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது.

இப்போது இன்னொரு யோசனை இளைஞர்களிடையே அடிபடுகிறது: கம்பனியை விட்டுவிட்டு, மாஸ்டடன் போலச் சொந்த சேர்வரில் இயங்கும் வலையமைப்புக்குப் போவோம் என்பது. புதிய யோசனை அல்ல. 2019இல் இந்திய உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது, கோபத்தில் பல இந்தியர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். அங்கே ஒரு தலைமை அலுவலகம் இல்லை. ஒவ்வொரு சேர்வருக்கும் அதை நடத்துபவரின் விதி. அதே வருடம் வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன ‘கேப்’ தளம் மாஸ்டடன் மென்பொருளை எடுத்துக்கொண்டது. இலவச மென்பொருள், தடுக்க யாராலும் முடியாது. ஆனால் மற்ற சேர்வர்காரர்கள் ஒவ்வொருவராகத் தொடர்பை அறுத்தார்கள். கேப் பேசிக்கொண்டுதான் இருந்தது. அவர்களுடைய திண்ணையில் அல்ல.

பொலிஸும் பூட்டும் இல்லாமல் ஒதுக்கிவைத்த அந்த முறை இந்த வேண்டுகோளை விடுப்பவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மயக்கம் வேண்டாம். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட சேர்வர்களில் இரண்டு நாளில் சுமார் 325,000 பதிவுகளை அலசியபோது, ஏற்கெனவே அறியப்பட்ட சிறுவர் துஷ்பிரயோகப் படங்கள் 112 தடவை அகப்பட்டன. பார்க்க ஆள் இல்லாத சேர்வரில் அழுக்கு தானாக வடியாது.

உண்மையில் இந்தக் கரை ஏற்கெனவே, நடத்துபவரே விதி வைக்கும் அப்படியொரு உலகத்தில்தான் வாழ்கிறது. வட்ஸ்அப் குழுமத்தில் எழுதுவதைக் கம்பனியால் வாசிக்க முடியாது. 1,024 பேர் வரை கூடும் அந்த அறைக்கு வாசற்காரர் அட்மின் ஒருவர்தான். மதுரையிலிருக்கும் சென்னை உயர் நீதிமன்றக் கிளை 2021இல் சொன்னபடி, உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார். நியாயமான தீர்ப்பு. குற்றவாளி ஆகாதவர் பொறுப்பாளி ஆகலாம்.

பொறுப்பு ஏன் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. 2017இல் சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சி சபை கேட்டுக் கடையடைப்பு நடந்த நாட்களில் முஸ்லிமும் முஸ்லிமும் ஒருவர் மீது ஒருவர் எழுதிய ஏச்சுகள் இன்னும் பலருடைய ஸ்க்ரீன்ஷொட்டில் இருக்கின்றன. பேக் ஐடியில் பெண்பிள்ளைகளின் படம் போட்டுக் கதை கட்டுகிறவர் வேற்றூர்க்காரர் என்று சொல்லித் தப்பவும் முடியாது.

ஆகவே கேட்பது இவைதான். ஹதீஸைக் கேட்டால் அறிவிப்பாளர் வரிசை என்ன என்று விசாரித்த பரம்பரை இது. பார்வேர்ட் செய்தியில் அந்த வரிசைதான் முதலில் அறுந்துபோகிறது. யாரிடமிருந்து, எந்த இடத்திலிருந்து, எப்போது கிடைத்தது என்று எழுதாத எந்தச் செய்தியையும் குழுமத்தில் விடாதீர்கள். ஒவ்வொரு குழுமமும் தன் விதியை நாலு வரியில் எழுதி மேலே பொருத்திவைக்கட்டும். அட்மின் ஒருவர் போதாது. மூவர் வேண்டும், ஒருவர் பெண்ணாக, ஒருவர் சிங்களம் நன்றாக வாசிப்பவராக. பதிவை நீக்கினால் காரணத்தைச் சொல்லுங்கள். ஆளை நீக்கினால் திரும்பி வர வழி வையுங்கள். அடிக்கத் தூண்டுவது, அந்தரங்கப் படம், பிள்ளைகளைத் துன்புறுத்துவது ஆகிய மூன்றுக்கு மட்டும் பொலிஸுக்குப் போங்கள். பள்ளி நிர்வாகத்தை விமர்சித்தவரையோ, மார்க்கக் கருத்தில் மாறுபட்டவரையோ, எம்பியைத் திட்டியவரையோ ஸ்க்ரீன்ஷொட் எடுத்துப் பொலிஸில் கொடுப்பது காட்டிக்கொடுப்பு.

ஒரு விடயத்தில் இவர்களுக்குள்ளேயே இணக்கம் வரவில்லை. சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று வியாபாரிகள் நின்றார்கள். சொந்தப் பெயரில் எழுதினால் எந்தப் பெண் தன் வீட்டு அடி உதையைச் சொல்வாள் என்று ஆசிரியைகள் கேட்டார்கள். கடைசியில் எழுதிக்கொண்டது இப்படி: புனைபெயர் இருக்கலாம், ஆனால் மூன்று அட்மின்களில் ஒருவருக்காவது ஆள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும், அந்த அட்மின் அதை வெளியே சொல்லக் கூடாது. இது சரிவருமா என்பதைக் குழுமங்கள் நடத்திப் பார்த்துச் சொல்லட்டும்.